இரண்டாவது பள்ளத்தாக்கில் ஒரு மைனஸ்

பாலக்காட்டில் நான் போய் இறங்கிய வீட்டில் எனக்காகப் போளி தட்டிக்கொண்டிருந்தார்கள். கல்பாத்தியில், தேர் ஓடும் தெருவில், ஒன்றோடொன்று தோள் ஒட்டி நிற்கும் வீடுகளில் ஒன்று அது. மறுநாள் நான் பேசவிருந்த கல்லூரியின் இயற்பியல் பேராசிரியருடைய வீடு. அவர் கருத்தரங்கு வேலையாக வெளியே போயிருந்தார். கதவைத் திறந்தவர் அவர் மனைவி வைதேகி. இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் வேலை. எனக்காக அரை நாள் லீவு போட்டிருந்தார்.

“வாங்கோ, வாங்கோ. நாளைக்கு போளியைப் பத்திப் பேசப் போறேளாமே? இவர் மெசேஜ் அனுப்பியிருந்தார். திருச்சிலேர்ந்து ஒருத்தர் போளியைப் பத்திப் பேச வரச்சே, நான் கடையில பிஸ்கட் வாங்கி வெச்சா நன்னாருக்குமா?”

போனை நீட்டினார். ‘நாளை வருபவர் பேசும் தலைப்பு: ஸ்பின், போளி ஸ்பின்.’ போலி என்று அடிக்க நினைத்திருக்கிறார் பேராசிரியர். மூன்று போளி உள்ளே போகும்வரை நான் திருத்தவில்லை. நெய் அப்படி.

“போளி இல்லையாக்கும்?” என்றார் வைதேகி. “சாரமில்லை, பரவால்லை, தின்னுங்கோ. என்னதான் அது?”

சொல்லிப் பார்த்தேன். கிராஃபீன் என்பது ஒரே ஒரு அணு தடிமன் உள்ள கரித் தாள். பென்சில் முனைக் கரியில் இருந்து ஒற்றை ஏடாக உரித்து எடுக்கலாம். தேன்கூடு போல அறுகோணக் கட்டங்கள். எலக்ட்ரானுக்குப் பிறவியிலேயே ஸ்பின் என்று ஒரு குணம் உண்டு. காந்தத்தைக் கண்டால் அது அசையும். கிராஃபீனில் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. அந்தத் தேன்கூட்டில் அணுக்கள் இரண்டு வகை இடங்களில் மாறி மாறி உட்கார்ந்திருக்கின்றன. எலக்ட்ரான் முதல் வகை இடத்தில் எவ்வளவு, இரண்டாம் வகையில் எவ்வளவு, இரண்டும் எப்படி இசைந்திருக்கின்றன என்று கணக்குப் போட்டால், அது ஸ்பின்னின் கணக்கைப் போலவே அச்சாக வரும். ஆனால் அது ஸ்பின் இல்லை. அதனால் போலி ஸ்பின்.

“அப்போ போலியில நிஜமா ஒண்ணும் சுத்தலை?”

“இல்லை. நிஜ ஸ்பின்லயும் பம்பரம் மாதிரி எதுவும் சுத்தறது இல்லை.”

வைதேகி தோசைத் திருப்பியைக் கீழே வைத்தார். “நிஜத்திலயும் சுத்தலை, போலியிலயும் சுத்தலை. இதுக்கு மாசாமாசம் சம்பளம் உண்டோ?”

மறுநாள் அரங்கில் கூட்டம் அள்ளியது. இரு பரிமாணப் பொருள்களைப் பற்றி நான் பேசி இவ்வளவு கூட்டம் பார்த்ததே இல்லை. பின்வரிசைகளில் தோள் அகன்ற பையன்கள் இருபது பேர் குறிப்பேடும் கையுமாக இருந்தார்கள். சந்தோஷமாகப் பேசினேன். முடிந்ததும் அவர்களில் ஒருவன் எழுந்து ஆங்கிலத்தில் கேட்டதன் பொருள் இது: “இந்தப் போலி ஸ்பின்னுக்கு உலர்ந்த ஆடுகளம் வேண்டுமா, ஈரமானதிலும் எடுபடுமா?”

மலையாளச் சுவரொட்டியில் ‘ஸ்பின்: அசலும் போலியும்’ என்று மட்டும் இருந்ததாம். கல்லூரியின் கிரிக்கெட் அணி முழுசும் வந்திருந்தது. அதிலும் பெருமைக்குரிய விஷயம், ஒருவனும் நடுவில் எழுந்து போகவில்லை.

சிரிப்பு அடங்கியபோது முன்வரிசையில் ஒரு பெண் கை தூக்கினாள். எம்.எஸ்சி. முதலாம் ஆண்டு, ஆதிரா என்று பெயர் சொன்னாள்.

“மேடம், இரண்டாவது பள்ளத்தாக்கில் அந்த உறுப்புக்கு மைனஸ் வராதா?”

உறுப்பு என்றால் சமன்பாட்டின் ஒரு துண்டு. பள்ளத்தாக்கு என்றால் கணக்கில் வரும் பள்ளத்தாக்கு. கிராஃபீனில் எலக்ட்ரான்கள் அப்படி இரண்டு குழிகளில் கூடும். ஒன்று மற்றதன் கண்ணாடிப் பிம்பம். ஸ்பின்னும் போலி ஸ்பின்னும் கைகோத்துக்கொண்டு எலக்ட்ரான்களை ஒரே பக்கமாக ஒதுக்கும் என்பதுதான் நான் அன்று பேசிய முடிவு. நானும் என்னோடு முன்பு ஆய்வுக்கூடத்தில் இருந்த செல்வமும் சேர்ந்து எழுதி, ஒரு ஆய்விதழுக்கு அனுப்பியிருந்த கட்டுரையும் அதுதான்.

“அதெல்லாம் பின்னிணைப்பில் இருக்கிறது” என்றேன், பெரிய மனுஷியாக.

பின்னிணைப்பில் இல்லை. எனக்கு அது தெரியும், ஏனென்றால் கட்டுரையைப் பரிசீலித்தவரும் அதே கேள்வியைக் கேட்டிருந்தார். பதில் அனுப்ப இன்னும் நான்கு நாள்தான் இருந்தது. இரண்டாவது பள்ளத்தாக்கின் கணக்கைப் போட்டது செல்வம். நான் சரிபார்க்கவில்லை. அந்தக் கேள்வி வந்ததில் இருந்து பதினோரு நாளாக அழைக்கிறேன், அவனோ போனை எடுக்கவில்லை, மெயிலுக்குப் பதில் இல்லை. கூடப் படித்தவர்களிடம் விசாரித்ததில், இடுக்கி மாவட்டத்துச் சூரியநெல்லியில் அவன் அம்மா வீட்டில் இருப்பதாக மட்டும் தெரிந்தது. பாலக்காடு வரை வந்தாகிவிட்டது, இடுக்கியும் கேரளம்தானே, பக்கத்தில்தான் இருக்கும் என்று கிளம்பினேன்.

பக்கத்தில் இல்லை. கேரளத்தில் இருந்து கேரளத்துக்குப் போக, நடுவில் தமிழ்நாட்டுக்குள் வந்து போகவேண்டியிருந்தது. அதற்கும் முன்னால், கொழிஞ்சாம்பாறை தாண்டியதும் பஸ் டயர் வெடித்தது. எல்லோரும் இறங்கிப் புளியமரத்தடியில் நின்றோம். பக்கத்தில், பழுதான மிக்ஸியைக் கைக்குழந்தை போல இடுப்பில் வைத்திருந்த ஒரு அம்மா.

“ஏனுங்க, தனியாவா போறீங்க?”

“ஆமாங்க. கூட வேலை பாத்த தம்பி ஒருத்தரைப் பாக்க. போனை எடுக்க மாட்டேங்கறார்.”

“எங்க கொழுந்தனாரும் இப்பிடித்தானுங்க. ஆறு மாசம் போனை எடுக்கலீங்க. நேர்ல ஊட்டுக்கே போயிட்டமுங்க. பாத்தா, எங்க மேல கோவமா இருந்திருக்காரு.”

“எதுக்குக் கோவம்?”

“அதைத்தானுங்க கேட்டோம். சொல்லலாமுன்னு வாயைத் தொறந்தாருங்க. அதுக்குள்ளார எங்களுக்குப் பஸ் வந்துருச்சுங்க.”

அந்தப் பஸ் ஏன் அப்போது வந்தது என்ற வருத்தம் எனக்கு உடுமலை வரை போகவில்லை.

மூணாறில் ஒரு விடுதியில் தங்கி, விடிந்ததும் சூரியநெல்லிப் பக்கம் போகும் ஜீப் ஒன்றில் தொற்றிக்கொண்டேன். ஓட்டியவர் பெயர் பாண்டி. அப்பா காலத்தில் திருநெல்வேலிப் பக்கம் இருந்து எஸ்டேட்டுக்கு வந்த குடும்பம். நான் ஆசிரியை என்று தெரிந்ததும் வழியெல்லாம் ‘டீச்சர்’ என்றே அழைத்தார். சின்னக்கானல் தாண்டி ஒரு வளைவில் வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைத்தார்.

“ஆன நிக்கிது டீச்சர்.”

நின்றது. சாலைக்குக் குறுக்கே, முழுச் சாலைக்கும் குறுக்கே. ஏலச் செடிப் பக்கம் தலை, தேயிலைப் பக்கம் வால். எங்களைப் பார்க்கக்கூட இல்லை. இருபது நிமிடம் ஓடியது. பயத்தில் வாய் அதிகம் பேசுகிற ரகம் நான். அதனால் பாண்டி அண்ணனுக்கு கிராஃபீன் பாடம் தொடங்கிவிட்டேன்.

“உங்க எலக்ட்ரான் இந்த எடத்துக்கு வந்தா என்ன செய்யும்?” என்று அவர் ரகசியக் குரலில் கேட்டார்.

“நேரா வந்து ஒரு தடுப்புல முட்டுச்சுன்னா அதால திரும்ப முடியாது அண்ணே. அது போற திசையோட அந்தப் போலி ஸ்பின்னைக் கட்டிப் போட்டிருக்கு. திரும்பணும்னா ஸ்பின் தலைகீழா மாறணும். அந்த மாதிரித் தடுப்பால அதை மாத்த முடியாது. அதனால தடுப்புக்குள்ள புகுந்து அந்தப் பக்கம் போயிரும்.”

“ஆனைக்குள்ள புகுந்தா?”

“ஆமா.”

பாண்டி யோசித்தார். “அப்ப உங்க எலக்ட்ரானுக்கு ரிவர்ஸ் கியரு கெடையாது.”

பதினெட்டு வருடம் இதைப் படித்த நான் இவ்வளவு சுருக்கமாக ஒரு நாளும் சொன்னதில்லை. அதைச் சொல்லிப் பாராட்டினேன்.

“நம்ம வண்டிக்கு இருக்கு டீச்சர்” என்றபடி எஞ்சினை உயிர்ப்பித்து, வந்த வழியில் வெகுதூரம் பின்பக்கமாகவே ஓட்டி வேறொரு மண்பாதையில் திருப்பினார். முதுகெலும்பின் ஒவ்வொரு கண்ணியும் தனித்தனியாக எனக்கு அறிமுகமானது அந்தப் பாதையில்தான்.

செல்வம் வீட்டில் இல்லை. தேயிலைத் தொழிற்சாலையில் இருப்பதாக லயத்தில் சொன்னார்கள். லயம் என்பது எஸ்டேட் தொழிலாளிகளின் வரிசை வீடுகள். தொழிற்சாலையில், சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்குத் தேயிலை உருவாகும் விதத்தை விளக்குவது அவன் வேலையாம். சீட்டு வாங்கி, குஜராத்தில் இருந்து வந்திருந்த இருபது பேர் கொண்ட ஒரு குழுவோடு நானும் உள்ளே போனேன். தலைக்குப் பிளாஸ்டிக் தொப்பி கொடுத்தார்கள். பிளாஸ்டிக்கில் சுற்றிய இட்லி போல இருந்தேன்.

அவன் பச்சைக் கோட்டும் முகக்கவசமுமாக முன்னால் நின்று, இலையை வாட்டுவது, உருட்டுவது, நொதிக்க வைப்பது என்று ஆங்கிலத்தில் சரளமாகச் சொல்லிக்கொண்டு போனான். உலர்த்தும் இயந்திரத்தின் அருகே என்னைப் பார்த்துவிட்டான். “இங்கே இலையின் நிறம்” என்று தொடங்கியவன் நின்றான். “நிறம்” என்றான் மறுபடியும். இலைக்கு அதற்குமேல் நிறம் வரவில்லை. கண்ணை மூடித் திறந்து, ஏதாவது கேள்வி உண்டா என்றான். நான் கை தூக்கினேன்.

“செல்வம், ஏன் போனை எடுக்கலை?” என்றேன் தமிழில்.

முன்னால் நின்ற பெரியவர், இந்த அம்மா என்ன கேட்கிறார் என்றார்.

“கிரீன் டீ குடித்தால் எடை குறையுமா என்று கேட்கிறார்” என்று ஆங்கிலத்தில் சொன்னான் செல்வம். “குறையும். ஆனால் உடனே குறையாது.”

எல்லோரும் என்னை மேலும் கீழும் பார்த்துத் தலையாட்டினார்கள்.

குழு கடைப் பக்கம் போனதும் அவன் முகக்கவசத்தை இறக்கினான். “வாங்க மேடம். வீட்டுக்கு வராம போனா அம்மா வருத்தப்படும். ஆனா அம்மாகிட்ட எதுவும் சொல்லாதீங்க.” நான்கு வருடமாக ‘அக்கா’ என்று கூப்பிட்டவன். அந்த ‘மேடம்’ எங்கோ குத்தியது. தொப்பியைக் கழற்றாமலே அவன் பின்னால் நடந்தேன்.

அவன் அம்மா மாரியம்மா கொழுந்து எடுத்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். தலைத்துணியை அவிழ்த்தபடியே என்னை உட்கார வைத்தார்.

“போட்டோவுல நல்லா இருந்தீக. ஏன் இப்படி எளச்சுப் போயிட்டீக?”

ஒரு தட்டு நிறைய அவித்த கப்பை என்கிற மரவள்ளிக்கிழங்கு, காந்தாரி மிளகாய்ச் சம்மந்தித் துவையல், பால் விடாத கட்டன் சாயா. காந்தாரி விரல் நகத்தளவு இருக்கும் மிளகாய். அதைத் தொட்ட கணத்தில் நான் வந்த காரியம் மறந்துபோனது. கண்ணீர் வழிய வழியச் சாப்பிட்டேன். மாரியம்மா அதைப் பார்த்து நெகிழ்ந்து, “பாசமான பொண்ணு” என்று மகனிடம் சொல்லிவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போனார்.

அவர் தலை மறைந்ததும் செல்வம் சொன்னான்: “நீங்க தெரிஞ்சே அனுப்புவீங்கன்னு நான் நெனைக்கல மேடம்.”

“என்ன தெரிஞ்சே?”

“ரெண்டாவது பள்ளத்தாக்குல மைனஸ் வருது. ரெண்டும் ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்குது. மொத்தம் பூஜ்யம். அதைச் சொன்ன பொறகும் அனுப்பிட்டீங்க. ஒங்களுக்குப் புரமோசன் வருது, பெரியவங்க முடிவு பண்ணிட்டாங்க, நாம யாருன்னு விட்டுட்டேன். ஆனா ஒங்ககிட்ட அதுக்கப்பறம் பேச முடியல.”

“எப்போ சொன்னே?”

அவன் மடிக்கணினியைத் திறந்து, அனுப்பிய மெயிலைக் காட்டினான். மூன்று மாதம் முந்தையது. ‘அக்கா, கணக்கு முடிந்தது, முதல் பள்ளத்தாக்கில் முடிவு ரொம்ப அழகாக வருகிறது’ என்று ஆரம்பம். அதன்பின் நான்கு நீளப் பத்திகள், சமன்பாடுகள். கடைசியில், எல்லாவற்றுக்கும் கீழே, மூன்று வரிகள்: ‘இன்னொரு விஷயம் அக்கா. இரண்டாவது பள்ளத்தாக்கில் மைனஸ் வந்துவிட்டது. இரண்டையும் கூட்டினால் ஒன்றும் மிஞ்சாது. தயவுசெய்து அனுப்பாதீர்கள்.’

அதற்கு நான் ஆறு நிமிடத்தில் அனுப்பிய பதிலும் இருந்தது: ‘சூப்பர் தம்பி! இன்றைக்கே அனுப்பிவிடுகிறேன்.’ பக்கத்தில் கட்டைவிரல் தூக்கிய மஞ்சள் கை.

அன்று நான் தேர்வறையில் மேற்பார்வையில் இருந்தேன். மேசைக்கடியில் போனை வைத்து முதல் இரண்டு வரி படித்தேன். ‘அழகாக வருகிறது’ என்றதும் மனசு குதித்தது. பதவி உயர்வு நேர்காணலுக்கு ஒரு கட்டுரை குறைந்தது. அவ்வளவுதான், அவ்வளவேதான். மாணவர்களிடம் கேள்வித்தாளை முழுசாகப் படித்துவிட்டு எழுதுங்கள் என்று அதே அறையில், அதே அரைமணிக்குள் சொல்லியிருப்பேன்.

“நான் படிக்கலை செல்வம்” என்றேன். “கீழே வரைக்கும் படிக்கலை.”

அவன் நம்பாமல் பார்த்தான். பிறகு அந்த மஞ்சள் கையைப் பார்த்தான். பிறகு என்னை. அவன் முகம் கோணிக்கொண்டு வந்தது, அழப்போகிறான் என்று நினைத்தேன். சிரித்துவிட்டான். “மூணு மாசம் அக்கா! ஒங்களப் பெரிய திருடின்னு நெனச்சு மூணு மாசம் தூங்கல!”

“திருடியா இருந்தாக்கூடப் பரவாயில்லை, கொஞ்சம் சாமர்த்தியம்னு பேராவது மிஞ்சும்” என்றேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காந்தாரியின் பெயரைச் சொல்லி இன்னும் கொஞ்சம் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

மாரியம்மா குடத்தோடு வந்தார். “என்னடா, ஒருத்தர் சிரிக்கீக, ஒருத்தர் அழுவுறீக?”

“ஒரு கணக்கு தப்பாப் போச்சும்மா. சரியாப் போட்டா பூஜ்யம் வருது.”

“ரெண்டு பேரும் வருசக்கணக்காப் படிச்சு பூஜ்யமா?” குடத்தை இறக்கினார். “எங்க சூப்பர்வைசர் தராசுல கொழுந்து எடை போட்டா கொறைச்சுத்தான் எழுதுவான். அவனே ஒரு நாளும் பூஜ்யம்னு எழுதுனது இல்ல.”

அன்று பிற்பகலே கடிதம் எழுதினோம். கட்டுரையைத் திரும்பப் பெறுகிறோம் என்ற வரி எளிதாக வந்துவிட்டது. காரணம் எழுதும் இடத்தில், ‘ஆசிரியர்கள் ஒரு பிழையைக் கண்டறிந்தனர்’ என்று அடித்தேன். செல்வம் படித்துவிட்டு மடிக்கணினியை என் பக்கமே திருப்பி வைத்தான். அந்த வரியை அழித்து வேறு எழுதினேன். ‘பிழையை என் சக ஆசிரியர் கட்டுரை அனுப்பப்படும் முன்பே கண்டுபிடித்து எனக்கு எழுதினார். அவர் கடிதத்தை நான் முழுமையாகப் படிக்காமல் அனுப்பிவிட்டேன்.’

“இப்படியெல்லாம் எழுதுவாங்களாக்கா?”

“தெரியலை. நான் பாத்ததில்லை.”

லயத்தில் சிக்னல் கிடையாது. மேலே தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு வளைவில் மட்டும் கிடைக்கும். அங்கே ஏற்கெனவே நான்கு பேர் ஆளுக்கொரு திசை பார்த்து நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் மலையாளத்தில் யாரிடமோ, “நான் கோபமாக இல்லை, கோபமாக இல்லை என்று எத்தனை முறை கோபமாகச் சொல்வது?” என்று கத்திக்கொண்டிருந்தாள். நான் அனுப்பும் பொத்தானை அழுத்தினேன். திரையில் ஒரு சின்ன வட்டம் சுற்ற ஆரம்பித்தது. அந்தப் பயணத்தில் உண்மையாகச் சுற்றிய ஒரே பொருள் அதுதான். ஏழு நிமிடம் சுற்றிவிட்டு, போய்விட்டது. அதே இடத்தில் நின்று பாலக்காட்டுப் பேராசிரியரையும் அழைத்தேன். ஆதிரா கேட்டதுதான் சரி, பின்னிணைப்பில் ஒன்றும் இல்லை, இதை வகுப்பில் எல்லோர் முன்னாலும் சொல்லுங்கள் என்றேன். “சரி, சொல்றேன்” என்றார் அவர். பிறகு, “வைதேகி போளி பாக்கி இருக்குன்னா. கூரியர்ல அனுப்பட்டுமா?” என்றார்.

நேர்காணலுக்கு அந்தக் கட்டுரை இல்லாமல்தான் போகவேண்டும். பதவி உயர்வு கிடைக்காது என்பது அன்றே தெரிந்தது. இறங்கி வரும்போது வழுக்கி உட்கார்ந்து, புடவையெல்லாம் செம்மண். எழுந்தபோது வலித்தது, ஆனால் பத்து நாளாகக் கழுத்தில் இருந்த ஒரு வலி போயிருந்தது.

மறுநாள் காலை மூணாறு வழியாக உடுமலை போகும் பஸ்ஸில் என்னை ஏற்றிவிட செல்வம் வந்தான். லுங்கி, ரப்பர் செருப்பு. பஸ் கிளம்ப ஐந்து நிமிடம் இருந்தது. ஜன்னல் வழியாகப் பேசினான்.

“அக்கா, நேத்துலேர்ந்து யோசிச்சேன். பூஜ்யம் வர்றதே ரெண்டு பள்ளத்தாக்கும் சமமா இருக்கறதாலதான? அடியில ஒரு காந்தப் படலம் வெச்சா சமம் கெட்டுப்போகும். அப்ப ஒண்ணு தூக்கலா நிக்கும். பாதியாவது மிஞ்சும்.”

“படலம் எந்தப் பக்கம் காந்தமாகி இருக்குன்னு பாக்கணும். மறுபடியும் மைனஸ் வரும்.”

“வராது. இந்தாங்க, பாருங்க.” ஜன்னல் கம்பி குறுக்கே இருந்ததால் ஏறி உள்ளேயே வந்தான். முன் சீட்டின் பின்பக்கம் எழுத இடம் இல்லை. அம்மா கட்டிக்கொடுத்த தேயிலைப் பொட்டலத்தின் மேல் எழுதினான். அதில் நான் ஒரு மைனஸ் போட்டேன். அவன் அடித்தான். நான் திரும்பப் போட்டேன். முன் சீட்டுக்காரர் தன் செய்தித்தாளின் ஓரத்தைக் கிழித்துக் கொடுத்தார். அதுவும் போதாமல் நடுப்பக்கத்தையே கொடுத்தார். மூன்றாவது உறுப்பில் அவன் சொன்னதுதான் சரி என்று நான் ஒப்புக்கொண்டபோது, நடத்துநர் எங்கள் தலைக்குமேல் நின்று மலையாளத்தில் கேட்டார்: “இவருக்கு எங்கே போகணும்?”

செல்வம் நிமிர்ந்தான். வெளியே தேயிலை இல்லை. சந்தன மரங்களும் கம்பிவேலியுமாக ஓடிக்கொண்டிருந்தது. மூணாறும் தாண்டி மறையூர் வந்திருந்தது.

அவன் போன் அடித்தது. தொட்டி வளைவில் இருந்து அவன் அம்மா, குரல் எனக்கே கேட்டது. “எங்கடா இருக்க? புட்டு ஆறிப் போகுது. டீச்சரை பஸ் ஏத்தி விட்டுட்டியா?”

“ஏத்திட்டேம்மா” என்றான் செல்வம். பொட்டலத்தைப் பார்த்தான், செருப்பைப் பார்த்தான், நடத்துநரைப் பார்த்தான். “நானும் ஏறிட்டேன்.”